ஒரு போல்ட்டின் முறுக்கு அளவைத் திருத்தினோம். ஐந்து மேனுவல்கள் மாறிவிட்டன!

வாசகியின் கேள்வி (சுருக்கம்)

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏர் கம்ப்ரஸர் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் டெக்னிக்கல் ரைட்டராக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டோம். மொத்தம் 11 மாடல்கள், 11 மேனுவல்கள். ஒவ்வொன்றும் 160 முதல் 220 பக்கம். எல்லாம் வேர்டில். ஆங்கிலத்தில் எழுதி, இந்திக்கும் தமிழுக்கும் வெளி ஏஜென்சியிடம் கொடுத்து மொழிபெயர்க்கிறார்கள். பிரிவில் இவரும் ஒரு ஜூனியரும் மட்டுமே. காப்பி-பேஸ்ட் செய்து அலுத்துப்போய், திரும்பத் திரும்ப வரும் வாசகங்களைப் பொறுக்கி ஒரு பொதுக் கோப்பில் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு மேனுவலுக்கும் ‘இன்க்ளூட்டெக்ஸ்ட்’ ஃபீல்டு (வேறொரு கோப்பின் வாசகத்தை இழுத்துவரும் வேர்டு வசதி) வழியாக இணைத்தார்கள். ஓராண்டில் 640 துணுக்குகள் சேர்ந்துவிட்டன.

புதிய மாடல் ஒன்றில் சிலிண்டர் பிளாக் அலுமினியம். அதற்காக ஹெட் போல்ட்டின் டார்க்கை (இறுக்கும் முறுக்கு விசை) 48-லிருந்து 36 நியூட்டன் மீட்டராகக் குறைக்கச் சொல்லி டிசைன் பிரிவிலிருந்து குறிப்பு வந்தது. ஜூனியர் பொதுத் துணுக்கிலேயே திருத்திவிட்டார். அதே துணுக்கு போகும் ஐந்து வார்ப்பிரும்பு மாடல்களின் மேனுவல்களிலும் 36 ஏறிவிட்டது. ஆறு வாரம் கழித்து, ஓசூரில் சர்வீஸ் முடித்த ஓர் இயந்திரத்தில் ஹெட் கேஸ்கெட் வழியே காற்று கசிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உடனே பொதுத் துணுக்கில் 48 என்று திருத்தி, புதிய மாடலுக்குத் தனித் துணுக்கு போட்டிருக்கிறார்கள்.

“பழையபடி காப்பி-பேஸ்ட்டுக்கே போங்க” என்கிறார் மேலாளர். “எங்க சிஸ்டம் வாங்கினா இந்தத் தவறு வரவே வராது” என்கிறார் ஒரு மென்பொருள் விற்பனையாளர். யார் சொல்வதைக் கேட்பது, பொதுக் கோப்பைத் திருத்தியதோடு பிரச்சினை தீர்ந்ததா, சட்டப்படி நான் பொறுப்பாவேனா? இவை வாசகியின் கேள்விகள்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியிலிருந்து இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அவசரம். பொதுக் கோப்பைத் திருத்தியதோடு பிரச்சினை தீரவில்லை. சரியானது உங்கள் கோப்பு மட்டும்தான். இயந்திரத்தோடு பெட்டியில் போன மேனுவல் இன்னும் 36 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும் மெக்கானிக் அதைப் பார்த்துத்தான் டார்க் ரெஞ்ச்சை வைப்பார். தவறான அளவு ஏறிய நாளிலிருந்து திருத்திய நாள்வரை அந்த ஐந்து மாடல்களில் எத்தனை இயந்திரங்கள் வெளியே போயின என்பதை டிஸ்பேட்ச் பதிவேட்டிலிருந்து சீரியல் எண்ணோடு எடுங்கள். அந்தப் பக்கத்துக்கு மாற்றுப் பக்கம் அச்சிட்டு, எந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு இதை வைக்க வேண்டும் என்ற ஒருவரிக் குறிப்போடு சர்வீஸ் பிரிவு வழியாக அனுப்பச் செய்யுங்கள். இடைப்பட்ட நாளில் ஹெட்டைத் திறந்து மூடிய இயந்திரங்களின் பட்டியல் சர்வீஸ் பிரிவிடம் இருக்கும். அவற்றை நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். டீலர்களுக்கு மின்னஞ்சலில் போன பி.டி.எஃப்.களையும் மறந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் பி.டி.எஃப். பிரதியைத் திரும்பப் பெற வழியே இல்லை. அதனால் புதிய பதிப்பின் முகப்பில் திருத்த எண்ணும் தேதியும் பெரிதாக இருக்கட்டும்.

பகிர்ந்தது தவறில்லை, எதைப் பகிர்ந்தோம் என்பதுதான்

மேலாளர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. காப்பி-பேஸ்ட்டில் ஒரு மேனுவலில் நேர்ந்த தவறு அந்த மேனுவலோடு நின்றுவிடும். ஆனால் அதே காரணத்தால் சரியான திருத்தமும் ஒரு மேனுவலோடு நின்றுவிடும். சேஃப்டி வால்வு எச்சரிக்கையை நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் 11 மேனுவல், மூன்று மொழி, ஆக 33 கோப்பில் கை வைக்க வேண்டும். இரண்டு பேர் இருக்கிற பிரிவில் ஏதாவது ஒன்று நிச்சயம் விட்டுப்போகும். விட்டுப்போனது எது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது, “ஒரே மாதிரி இருந்த வாசகங்களையெல்லாம் பொதுவில் போட்டோம்” என்ற வரி. கோளாறு தொடங்கிய இடம் அது. இரண்டு வாசகங்கள் இன்று எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கலாம். அவை நாளைக்கும் ஒரே காரணத்துக்காக, ஒரே நாளில், ஒன்றாக மாற வேண்டியவையா? அப்படியானால் மட்டும் பகிருங்கள். ஹெட் போல்ட் வரி ஆறு மாடலிலும் ஒன்றாக இருந்தது தற்செயல். பிளாக்கின் உலோகம் மாறியதும் அந்தத் தற்செயல் கலைந்துவிட்டது. மரை ஏறும் பக்கம் அலுமினியமாக இருந்தால் இரும்புக்குக் கொடுக்கும் முறுக்கைக் கொடுக்க முடியாது, மரை உரிந்துவிடும். அதனால் டிசைன் பிரிவு குறைத்தது சரி. ஜூனியரும் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். அவரைக் கடிந்துகொண்டு பயனில்லை. அந்தத் துணுக்கை வேறு யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை அவருக்குக் காட்ட உங்கள் கோப்பில் எதுவுமே இல்லை.

எதைப் பகிரலாம் என்பதற்கு இயந்திரத் துறையில் ஒரு நல்ல உரைகல் இருக்கிறது: பாக எண். வி-பெல்ட் மாற்றும் முறையை நான்கு மாடலுக்கும் பொதுவாக வைக்கலாமா என்று கேட்டால், பி.ஓ.எம்.-ஐ (மாடலின் பாகப் பட்டியல்) திறந்து பாருங்கள். பெல்ட், புல்லி, கார்டு (காப்பு உறை) மூன்றும் அதே பாக எண்களாக இருந்தால் தாராளமாகப் பகிரலாம். பாகம் மாறினால் வேறு எண் வரும். எண் மாறியதும் துணுக்கும் பிரிய வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பாகத்தோடு தொடர்பில்லாத பொது விஷயங்களான வாரண்டி நிபந்தனைகள், சர்வீஸ் முகவரி, பழைய எண்ணெயை அப்புறப்படுத்தும் விதம், கிடங்கில் வைக்கும் முறை ஆகியவற்றை யோசிக்காமல் பகிரலாம்.

பாதுகாப்பு எச்சரிக்கைகள்தான் ஏமாற்றும். “பழுது பார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்” என்பதைவிடப் பொதுவான வாக்கியம் உண்டா என்று தோன்றும். ஆனால் சிங்கிள் ஃபேஸ் மாடலில் பிளக்கைப் பிடுங்கி, அதை வேலை செய்பவர் கண்முன்னே வைத்துக்கொண்டால் போதும். த்ரீ ஃபேஸில் ஐசொலேட்டரை (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துப் பூட்டுப் போட்டு, டேக் மாட்ட வேண்டும். வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) வைத்த மாடலில் அதுவும் போதாது. அணைத்த பிறகும் டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் தங்கியிருக்கும். டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் சொன்ன நிமிடங்கள்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பின்புதான் மூடியைத் திறக்கலாம். ஆக இது மூன்று துணுக்கு. ஒன்றாக வைத்தால் ஒருநாள் யாராவது காத்திருக்கும் நேரத்தை “மற்ற மாடலுக்குத் தேவையில்லையே” என்று எடுத்துவிடுவார்கள். ஒரு எச்சரிக்கையை எப்போதும் முழுசாக ஒரே துணுக்காக வையுங்கள்: எச்சரிக்கைச் சொல், ஆபத்து என்ன, மீறினால் என்ன ஆகும், தவிர்க்க என்ன செய்ய வேண்டும். அமெரிக்காவின் ஆன்சி இசட்535.6 தரமும் மேனுவல்களில் எச்சரிக்கை எழுதுவதற்கானதுதான். ஏற்றுமதி செய்கிறீர்கள் என்றால் அதையும், பயன்பாட்டுக் கையேடுகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி./ஐ.ட்ரிபிள்.இ. 82079-1-ஐயும் (2019 பதிப்பு) அலுவலகத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

640 துணுக்கு என்பது அதிகம்

உங்கள் அளவிலான தொகுப்புக்கு நூறுக்குள் அடங்க வேண்டும் என்பது என் கணிப்பு. மீதியில் பெரும்பாலானவை “ஸ்விட்சை அணைக்கவும்” போன்ற ஒற்றை வரிகளாகத்தான் இருக்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து இணைக்கும் நேரத்தில் பத்து முறை தட்டச்சு செய்துவிடலாம். ஒரு முழு எச்சரிக்கை, ஒரு முழு செய்முறை, ஒரு முழு அட்டவணை என்ற அளவுக்குக் கீழே போகாதீர்கள். அரை வாக்கியத் துணுக்கு மொழிபெயர்ப்பில் கட்டாயம் உதைக்கும். பாகத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வைத்திருந்தால், தமிழில் ‘மூடி’ என்பது ‘மூடியை’ ஆகும், ‘இயந்திரம்’ என்பதோ ‘இயந்திரத்தை’ ஆகும். எந்த மென்பொருளும் இதைத் தானாகச் செய்து தராது. மாறக்கூடிய இடத்தில் எண், மாடல் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் விடுங்கள்.

துணுக்குக்குள் “மேலே சொன்னபடி”, “அடுத்த பக்கத்தில்”, “படம் 7-ஐப் பார்க்கவும்” எதுவும் இருக்கக் கூடாது. ஒரு மேனுவலில் மேலே இருப்பது இன்னொன்றில் 40 பக்கம் தள்ளி இருக்கும். துணுக்குக்குள் இன்னொரு துணுக்கு வைப்பதும் வேண்டாம். ஓர் அடுக்கு தாங்கும். இரண்டாவது அடுக்கில் எது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே குழம்பும்.

சரி, டார்க் அளவை என்ன செய்வது? எண்ணைச் செய்முறையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு மேனுவலின் பின்னாலும் உள்ள விவர அட்டவணையில் போடுவது பாதுகாப்பான வழி. ஆனால் கிரீஸ் கையோடு பக்கம் புரட்டுகிற மெக்கானிக் அதை வெறுப்பார். புரட்டாமல் நினைவிலிருந்தே முறுக்குவார். ஆகவே எண் அந்த வரியிலேயே தெரிய வேண்டும், அதன் மதிப்பு மட்டும் அந்தந்த மாடலின் மேனுவலிலிருந்து வர வேண்டும். வேர்டிலேயே இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு மேனுவலிலும் ஃபைல், இன்ஃபோ, அட்வான்ஸ்டு ப்ராப்பர்ட்டீஸ், கஸ்டம் என்று போய் ‘ஹெட்_டார்க்’ என்று ஒரு பெயரை உருவாக்கி அதன் மதிப்பை உள்ளிடுங்கள். பொதுத் துணுக்கில் எண்ணுக்குப் பதிலாக அந்தப் பெயரைச் சுட்டும் ‘டாக்ப்ராப்பர்ட்டி’ ஃபீல்டை வையுங்கள். முதலில் ஒரு மேனுவலில் சோதித்து, துணுக்கு இணைந்த பிறகு முழுவதையும் தெரிவு செய்து எஃப்9 (ஃபீல்டுகளைப் புதுப்பிக்கும் விசை) அழுத்தி, அந்த மேனுவலின் சொந்த எண்தான் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். மதிப்பு கொடுக்க மறந்த மேனுவலில் “எரர்!” என்று தொடங்கும் வரி வரும். அது நல்லதுதான். தவறான எண் அமைதியாக அச்சேறுவதைவிட, பிழை என்று கத்துவது மேல்.

வேர்டிலேயே தொடர்ந்தால் கவனிக்க வேண்டியவை

இன்க்ளூட்டெக்ஸ்ட் மோசமான கருவி இல்லை, ஆனால் அதில் சில குழிகள் உண்டு. துணுக்கின் எல்லையைக் குறிப்பது புக்மார்க். அதன் கடைசி எழுத்துக்குப் பின்னால் தட்டச்சு செய்தால் புதிய வாக்கியம் புக்மார்க்குக்கு வெளியே விழுந்து, எந்த மேனுவலுக்கும் போகாமல் பொதுக் கோப்பிலேயே தங்கிவிடும். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் ‘ஷோ புக்மார்க்ஸ்’ என்பதைப் போட்டுக்கொண்டால் சதுர அடைப்புகள் தெரியும், அவற்றுக்குள்ளேயே எழுதுங்கள். புக்மார்க் பெயரில் இடைவெளி கூடாது, 40 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ‘எச்சரிக்கை17’ என்று வைக்காமல் உள்ளடக்கத்தைச் சொல்லும் பெயராக வையுங்கள்: ‘மின்துண்டிப்பு_த்ரீஃபேஸ்’ என்பதுபோல.

மேனுவலுக்குள் வந்த துணுக்கை அங்கேயே திருத்தினால் அடுத்த எஃப்9-இல் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். அதைவிட மோசம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்7 சேர்த்து அழுத்துவது: மேனுவலில் செய்த திருத்தம் பொதுக் கோப்புக்கே திரும்பிப் போய்விடும். ஜூனியரிடம் இதைச் சொல்லி வையுங்கள். கோப்பின் பாதை மாறினால் இணைப்பு அறும்; ஆகவே பொதுக் கோப்பு இருக்கும் டிரைவின் பெயரையும் ஃபோல்டரையும் ஐ.டி. பிரிவு இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுக் கோப்பையும் தெரிவு செய்து எஃப்9 அழுத்தினாலும் ஹெடர், ஃபூட்டர், டெக்ஸ்ட் பாக்ஸ் மூன்றும் புதுப்பிக்கப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். ‘குவிக் பார்ட்ஸ்’ பட்டியலிலிருந்து சொடுக்கிப் போடுவது இணைப்பு இல்லை, வெறும் நகல். ‘மாஸ்டர் டாக்குமென்ட்’ பக்கம் போகவே வேண்டாம். 200 பக்க மேனுவலை அது எப்போது கெடுக்கும் என்று சொல்ல முடியாது.

உங்களிடம் இல்லாத முக்கியமான ஒன்று, எந்தத் துணுக்கு எந்த மேனுவலில் இருக்கிறது என்ற பட்டியல். ஒரு எக்செல் தாள் போதும். இடப்பக்கம் துணுக்குகள், மேலே 11 மாடல்கள், இருக்கும் கட்டத்தில் ஒரு குறி, கடைசிப் பத்தியில் அந்தத் துணுக்குக்குப் பொறுப்பான இன்ஜினியரின் பெயர். இனி ஒரு திருத்தம் வந்தால் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எழுத்துப்பிழை, தெளிவு என்றால் அதிலேயே திருத்தலாம். பொருள் மாறுகிறது, எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்றால் குறி உள்ள ஒவ்வொரு மாடலின் இன்ஜினியரும் கையெழுத்திட்ட பிறகு திருத்தலாம். ஒரு மாடலுக்கு மட்டும் என்றால் பழையதைத் தொடாமல் புதிய பெயரில் புதிய துணுக்கு. உங்கள் வழக்கு இந்த மூன்றாவது வகை.

வெளியிடும் முன் ஒரு வேலை. மேனுவலின் நகல் ஒன்றை எடுத்து, அதில் முழுவதையும் தெரிவு செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்தினால் எல்லா ஃபீல்டும் சாதாரண எழுத்தாக உறைந்துவிடும். பொருளடக்கமும் உறைந்துவிடும் என்பதால் நகலில் மட்டுமே செய்யுங்கள். இதை முந்தைய பதிப்பின் உறைந்த நகலோடு, ரிவ்யூ பகுதியில் உள்ள ‘கம்பேர்’ கொண்டு ஒப்பிடுங்கள். சிவப்பாகத் தெரியும் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு மாற்றக் குறிப்பு இருக்க வேண்டும். குறிப்பில்லாத சிவப்பு இருந்தால் அச்சுக்குப் போகாது. இதைச் செய்திருந்தால் ஐந்து மேனுவலிலும் 36 என்ற எண் முதல் நாளே பிடிபட்டிருக்கும். உறைந்த நகல், பி.டி.எஃப்., அன்றைய பொதுக் கோப்பு மூன்றையும் சேர்த்து ஒரே ஜிப்பாக வையுங்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பும் இயந்திரம் என்றால், அங்குள்ள 2006/42 இயந்திர நெறிமுறைப்படி மேனுவல் அடங்கிய தொழில்நுட்பக் கோப்பை 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2027 ஜனவரி 20 முதல் அதன் இடத்தில் 2023/1230 என்ற ஒழுங்குமுறை வருகிறது.

மொழிபெயர்ப்புக்கு ஒரு வார்த்தை. பொதுக் கோப்பை முதலில் தனியாக மொழிபெயர்த்து வாங்கிவிட்டு, மேனுவல்களை அதற்குப் பிறகு அனுப்புங்கள். புக்மார்க் பெயர்கள் மூன்று மொழியிலும் ஒன்றாக இருந்தால், மேனுவலில் ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றினால் போதும். நிறுத்தக்குறி அழகுக்காகப் பொதுக் கோப்பில் அடிக்கடி கை வைக்காதீர்கள். ஏஜென்சியின் மொழிபெயர்ப்பு நினைவகம் (பழைய மொழிபெயர்ப்புகளின் சேமிப்பு) வாக்கியம் வாக்கியமாகப் பொருத்திப் பார்ப்பது. ஒரு கமா மாறினாலும் முழுப் பொருத்தம் போய், பில்லில் ஏறும்.

பொறுப்பு யாருடையது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-ஆம் பிரிவு, சரியான பயன்பாட்டுக்குப் போதிய வழிமுறையோ தவறான பயன்பாட்டுக்கு எதிரான எச்சரிக்கையோ இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. அங்கே பேசப்படுவது தயாரிப்பாளர். சம்பளத்துக்கு எழுதும் ஊழியர் இல்லை. தொழிற்சாலைக்கு வாங்கியவர் அந்தச் சட்டப்படி பெரும்பாலும் நுகர்வோர் ஆகமாட்டார், அங்கே கொள்முதல் ஒப்பந்தம்தான் பேசும். நான் வழக்கறிஞர் அல்ல. நோட்டீஸ் ஏதும் வந்தால் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் போக வேண்டும். இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, எந்தத் தேதியில் எது மாறியது, எப்போது தெரிந்தது, என்ன செய்தீர்கள் என்பதைத் தேதியிட்டு ஒரு பக்கத்தில் எழுதி மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவது. விளக்கமோ மன்னிப்போ அதில் வேண்டாம். பழைய கோப்புகளை அழிக்கவோ தேதியை மாற்றவோ யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

மென்பொருள் வாங்கலாமா?

இப்போது வேண்டாம். விற்பனையாளர் சொன்னது பாதி உண்மை. நல்ல சிஸ்டம், ஒரு துணுக்கைத் தொடும்போதே “இது ஆறு இடத்தில் இருக்கிறது” என்று காட்டும், ஒப்புதல் இல்லாமல் வெளியே விடாது. ஆனால் அந்த ஆறு இடமும் ஒன்றாக மாற வேண்டுமா என்பதை அது சொல்லாது. உங்கள் 640 துணுக்கையும் அப்படியே ஏற்றினால், அதே குப்பை விலை உயர்ந்த அலமாரியில் இருக்கும். முதலில் ஒரு மாடல் குடும்பத்தை மட்டும் எடுத்து வேர்டிலேயே சுத்தம் செய்யுங்கள். அது பழகிய பிறகும் கை போதவில்லை என்றால் நடுவில் இரண்டு படிகள் இருக்கின்றன. ஃப்ரேம்மேக்கர், மேட்கேப் ஃபிளேர் போன்ற மேனுவல் எழுதும் மென்பொருள்களில் துணுக்கு, மாறி (மாடலுக்கேற்ப மாறும் மதிப்பு), நிபந்தனை வாசகம் மூன்றும் உள்ளிருப்பாகவே உண்டு. இன்னொன்று டிட்டா, தொழில்நுட்ப ஆவணங்களைத் துண்டு துண்டாக எழுதுவதற்கான எக்ஸ்.எம்.எல். (குறியீட்டு மொழி) வடிவம். ஐ.பி.எம். உருவாக்கி, 2005-இல் ஒயேசிஸ் அமைப்பின் தரமானது. 2010-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து ‘கீ’ என்ற வசதி இருப்பதால், ஒரே துணுக்கு ஒவ்வொரு மேனுவலிலும் அந்த மாடலின் எண்ணை எடுத்துக்கொள்ளும். டிட்டா ஓப்பன் டூல்கிட் இலவசம். ஆனால் எக்ஸ்.எம்.எல். பழக வேண்டும், பி.டி.எஃப்.-இன் தோற்றத்தை அமைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். இரண்டு பேர் பிரிவில் அந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால் சிக்கல்தான்.

எப்படியும் டெமோவுக்கு அழைத்தால், அவர்கள் கொண்டுவரும் பளபளப்பான மாதிரி மேனுவலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வார்ப்பிரும்பு மாடலிலிருந்தும் அலுமினிய மாடலிலிருந்தும் 20 பக்கம் வீதம் கொடுத்து, ஹெட் போல்ட் துணுக்கை ஒரு மாடலுக்கு மட்டும் உங்கள் கண்முன்னே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் உங்கள் வாசகங்கள் எந்த வடிவத்தில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே கூட்டத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.